கொள்ளை நோய்க் காலத்தில் கரப்பான் சிகிச்சை

கடுங் கரப்பானுக்காக நெடுநாள் மருந்து உட்கொள்ளும் ஒருவர், ஊரெங்கும் தொற்றுநோய் பரவும் காலத்தில் அம்மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா? 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் எழுந்த இக்கேள்வி, நம் சங்க அங்கத்தினர்களுக்கு அயலானது அன்று. சாயத் தொட்டியில் கை நனைப்பவரும், பார்த்தீனியச் செடி மண்டிய வரப்பில் களை பறிப்பவரும் தோல் நோய்க்கு எளிதில் ஆளாகின்றவர்கள். ஆதலின் அக்கேள்விக்கு வைத்திய உலகம் கண்ட விடையை நாம் அறிந்து வைத்துக் கொள்ளுதல் நலம். அவ்வாண்டின் பெருந்தொற்று தணிந்துவிட்டது. ஆயினும் கொரோனாக் கிருமி மறைந்துவிடவில்லை. நாளை வேறொரு தொற்று வந்தாலும் இதே கேள்வி மீண்டும் நம் வாயிலில் வந்து நிற்கும்.

2020 ஆம் ஆண்டு நிகழ்ந்தது

அவ்வாண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச்சு 25 ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் மாத இறுதியில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவலாயிற்று. மே 5 ஆம் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அங்கு சுமை தூக்கியும் வியாபாரம் செய்தும் பிழைத்தவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்கள் வழியாக விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களில் மே மாதத் தொடக்கத்தில் நோய் திடீரெனப் பெருகியது. காய்கறி விளைத்து அனுப்பும் நம் கிராமங்களுக்கும் கோயம்பேட்டிற்கும் உள்ள தொடர்பு எத்துணை நெருக்கமானது என்பதை அந்நாட்கள் காட்டின.

அப்பொழுது மக்கள் வாயில் அடிக்கடி வழங்கிய சொல் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்பதாகும். அதனை வளர்க்க வேண்டுமெனப் பலரும் கூறினர். அதனைத் தணிக்கும் மருந்துகளை உண்பவர்களோ அஞ்சினர். கரப்பானுக்குக் கொடுக்கப்படும் வலுவான மருந்துகள் பல அவ்வகையைச் சேர்ந்தவை. அரிப்பைப் பொறுத்துக் கொண்டாலும் கொரோனாவிற்குப் பலியாகலாகாது என்று எண்ணி, மருந்தைத் தாமே நிறுத்திவிட ஒருவர்க்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் இயல்பாகத் தோன்றுவது யாவும் நன்மையானது ஆகிவிடாது. ஏன் என்பதை முறையாக நோக்குவோம்.

கரப்பான் என்பது யாது?

தோலில் அரிப்பு உண்டானாலே அதனைச் சொறி, சிரங்கு, படை, கரப்பான் என்று மாற்றி மாற்றிக் கூறுவது நம் வழக்கம். இவை வெவ்வேறு நோய்கள். சிரங்கு ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது; படை பூஞ்சையால் வருவது; இரண்டும் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றும். கரப்பான் தொற்றாது. ஆதலின் கரப்பான் உள்ளவரைத் தறிக்கூடத்திலோ பந்தியிலோ ஒதுக்கி வைப்பது அறியாமையாகும்.

கரப்பானிலும் வகைகள் உண்டு. சாயம், காரம், செடி முதலியவை பட்டு வருவது ஒரு வகை. குழந்தைப் பருவத்திலேயே தோன்றி, ஆஸ்துமா, மூக்கொழுகல் முதலியவற்றோடு குடும்பத்தில் தொடர்ந்து வரும் ஒவ்வாமைக் கரப்பான் மற்றொரு வகை. இதனை டாக்டர்கள் ஏட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்பர். இந்நோயில் தோலின் மேற்புற அரண் பலங்குன்றி, ஈரம் வெளியேறுகிறது. தூசியும் கிருமிகளும் உட்புகுகின்றன. உடலின் காவற் படை, தேவையின்றி ஓயாமல் போர் முழக்கம் செய்கிறது. அம்முழக்கத்தைப் பரப்பும் தூதுப் பொருள்களுள் முக்கியமானவை இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 என்னும் இரண்டுமாம். தோல் சிவந்து தடிப்பதும், இரவெல்லாம் உறங்கவொட்டாமல் அரிப்பதும் பெரும்பாலும் இவற்றின் விளைவே.

பழைய மருந்துகளும் புதிய மருந்தும்

பெரும்பாலோர்க்குத் தோலை ஈரம் உலராமல் காக்கும் எண்ணெயும், டாக்டர் அளவிட்டுத் தரும் களிம்புமே போதுமானவை. அவற்றிற்கு அடங்காத நோய்க்கு நம் நாட்டில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருபவை பிரெட்னிசலோன் என்னும் ஸ்டிராய்டு மாத்திரை, சைக்ளோஸ்போரின், மீத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின் முதலியன. இவை காவற் படை முழுவதையும் ஓரளவு அடக்கி வைப்பவை. கலகம் செய்வோரை மட்டும் பிடிக்காமல் ஊர் முழுவதற்கும் தடையுத்தரவு போடுவதற்கு இவற்றை ஒப்பிடலாம். கலகம் அடங்கும், ஆனால் வெளிப்பகைவன் வரும்பொழுது காவலும் சற்றுத் தளர்ந்திருக்கும்.

புதிய வகை மருந்துகள் இரசாயனப் பொருள்களைக் கலந்து ஆக்கப்படுவன அல்ல. உயிரணுக்களை வளர்த்து, அவை சுரக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவன. அதனால் இவற்றை உயிரியல் மருந்துகள் என்கிறோம். ஒரே வகையான எதிர்ப்பொருளைத் தொடர்ந்து விளைவிக்கும் முறையை 1975 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் கண்டனர். 1984 ஆம் ஆண்டு அதற்கு நோபெல் பரிசு பெற்றனர். அவ்வழியில் வந்த டூபிலுமாப் என்னும் ஊசி மருந்தை, கடுங் கரப்பானுக்கு 2017 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்க சர்க்கார் அங்கீகரித்தது. பெரியவர்களுக்கு முதல் நாளில் 600 மில்லிகிராமும், பின்னர் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை 300 மில்லிகிராமும் தோலடியில் ஏற்றுவது வழக்கம். விலை மிகுதி, சிலர்க்குக் கண் சிவந்து உறுத்துதலும் உண்டாகும்.

இம்மருந்து மேற்சொன்ன இரு தூதுப் பொருள்களும் சென்று தங்கும் வாயிலை மட்டும் அடைக்கிறது. வைரஸ் கிருமிகளை எதிர்க்கும் பணியை உடலில் மேற்கொள்வன பெரும்பாலும் வேறு பிரிவுகள். அவை தடையின்றி வேலை செய்கின்றன. அடைபட்ட வழி முக்கியமாகக் குடற்புழுக்களை எதிர்ப்பதற்கு உதவுவது. ஆதலின் ஊசி தொடங்குமுன் புழு இருப்பின் அதனைப் போக்கிவிட வேண்டும் என்பது விதி. வெறுங்காலோடு கழனியில் இறங்குவோர் இதனை டாக்டரிடம் தாமே நினைவூட்டுதல் நன்று.

ஆயினும் உயிரியல் மருந்துகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. காளாஞ்சகப்படைக்கும் மூட்டு வாதத்திற்கும் கொடுக்கப்படும் அடலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை, உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக் கூடும். ஆகவே “அவருக்கும் ஊசி, எனக்கும் ஊசி” என்று பிறருக்குச் சொல்லப்பட்ட யோசனையைத் தமக்குப் பொருத்திக் கொள்ளலாகாது. தாம் உட்கொள்ளும் மருந்தின் பெயரை ஒவ்வொருவரும் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

வைத்திய உலகம் அளித்த விடை

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே, ஒவ்வாமைக் கரப்பானை ஆராயும் ஐரோப்பிய டாக்டர்கள் குழு தன் கருத்தை வெளியிட்டது. தொற்று ஏற்படாதவர்கள் உயிரியல் மருந்து உட்படத் தம் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பதே அதன் சாரம். சைக்ளோஸ்போரின் போன்ற பழைய மருந்துகள் வைரஸ் எதிர்ப்பை ஓரளவு பாதிக்கக்கூடும். டூபிலுமாப் அவ்வாறு செய்யும் எனக் கருத இடமில்லை. அதுவே விரும்பத்தக்கது என்றும் அக்குழு கூறிற்று.

அப்பொழுது அது அனுபவத்தைவிட அறிவியல் ஊகத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. பின்னர்ப் பல நாட்டு டாக்டர்கள் சேர்ந்து, கொரோனாவால் தாக்கப்பட்ட கரப்பான் நோயாளர்களின் விவரங்களை ஒரு பதிவேட்டில் தொகுத்தனர். டூபிலுமாப் பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது குறைவு. ஸ்டிராய்டு மாத்திரை உண்டவர்கள் சேர நேர்ந்தது மிகுதி என அது காட்டிற்று. ஸ்டிராய்டு உண்டவர்களுள் முன்னமே நலிந்தவர்கள் அதிகம் இருந்திருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எனினும், ஊசியினால் கொரோனா கடுமையாகும் என்ற அச்சத்திற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தாமே நிறுத்துவதன் தீமை

மருந்தை நிறுத்தினால் நோய் சும்மா இராது. சில வாரங்களில் கரப்பான் மீண்டும் எழும். சொறிந்த இடத்தில் தோல் கிழிந்து சீழ் வைக்கும். அக்கியை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் அப்புண்களில் புகுந்து உடலெங்கும் பரவுவதும் உண்டு. காய்ச்சலோடு, வலியுள்ள சிறு சிறு குழிப்புண்கள் கூட்டமாகத் தோன்றினால், கொரோனாக் காலமாயினும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு எழுந்த நோயை அடக்கப் பெரும்பாலும் கையாளப்படுவது ஸ்டிராய்டு மாத்திரையே. எந்த ஆபத்திற்கு அஞ்சி ஊசியை நிறுத்தினாரோ, அதனினும் மிக்க ஆபத்துள்ள மருந்தை அந்நோயாளர் உண்ணும்படி நேரிடுகிறது. கூட்டம் மிக்க ஆஸ்பத்திரி வாயிலில் காத்திருக்கவும் நேரிடுகிறது.

ஸ்டிராய்டு மாத்திரை உண்பவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. பல வாரம் உண்ட பின் அதனைத் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய சத்து சுரவாமல் சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு முதலியன உண்டாகி உயிருக்கே கேடு வரலாம். அளவைக் குறைப்பதானால் டாக்டர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். மீத்தோட்ரெக்சேட் மாத்திரை கரப்பானுக்கு வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது. அதனை நாள்தோறும் உண்பது விஷமாகும். சீட்டைப் படித்துக் காட்ட ஆளில்லாத வீடுகளில் இன்ன கிழமை என்று மருந்து உறையின்மேல் குறித்து வைக்க வேண்டும்.

தொற்று கண்டால் செய்வது

காய்ச்சல், இருமல், தொண்டை வலி கண்டவுடன் கரப்பான் மருந்து தரும் டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தொற்று உறுதியானால், குணமாகும்வரை உயிரியல் மருந்தை ஒத்திவைக்கலாம் என்று 2020 இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் சங்கம் யோசனை கூறிற்று. ஐரோப்பியர் அதனை அவரவர் நிலைக்கேற்ப டாக்டர் முடிவுக்கு விட்டனர். சைக்ளோஸ்போரின், மீத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின் ஆகியவற்றைச் சில நாள் நிறுத்துமாறு டாக்டர் கூறுவதுண்டு. ஸ்டிராய்டை மட்டும் எவரும் தாமாக நிறுத்தலாகாது. மூச்சுத் திணறினாலும், விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ் இறங்கினாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரி சேர வேண்டும். அங்குத் தாம் உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டைக் காட்டுவது அவசியம்.

ஊசி போட வேண்டிய நாள் சில தினங்கள் தவறினால் கலங்க வேண்டியதில்லை. இரு வாரத்திற்கு ஒருமுறை டூபிலுமாப் பெறுபவர், தவறிய நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் போட்டுக் கொண்டு பழைய முறைப்படி தொடரலாம். ஏழு நாட்கள் கடந்துவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருப்பதே விதி. இரண்டு அளவைச் சேர்த்துப் போடலாகாது.

தடுப்பூசி பற்றி

முற்காலத்தில் பெரியம்மைக்குக் குத்திய பாலில் உயிருள்ள கிருமி இருந்தது. கரப்பான் உள்ளவர்க்கு அதனைக் குத்தினால் அக்கிருமி உடலெங்கும் பரவி ஆபத்து விளைவதுண்டு. ஆகையால் அத்தகையோரை விலக்கி வைத்தனர். இந்தியாவில் 1975 ஆம் ஆண்டோடு பெரியம்மை ஒழிந்தது. அந்த அச்சம் மட்டும் சில குடும்பங்களில் எஞ்சி நிற்பதில் வியப்பில்லை.

நம் நாட்டில் 2021 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் தேதி தொடங்கிய கொரோனாத் தடுப்பூசித் திட்டத்திற்கு அந்த விலக்கு பொருந்தாது. அதில் முதலில் வழங்கப்பட்டவை கோவாக்சினும் கோவிஷீல்டும் ஆகும். கோவாக்சினில் உள்ளது கொல்லப்பட்ட கிருமி. கோவிஷீல்டில் உள்ளது பெருக இயலாதபடி செய்யப்பட்ட வேறொரு வைரஸ். எனவே கரப்பான் உள்ளவரும், டூபிலுமாப் பெறுபவரும் இத்தகைய தடுப்பூசியைப் போட்டுக் கொள்ளலாம். தட்டம்மை, நீர்க்கொளுவான் முதலியவற்றிற்கான உயிருள்ள தடுப்பூசிகளை மட்டும் அம்மருந்து பெறும் காலத்தில் தவிர்க்க வேண்டும். தடுப்பூசி போடுபவரிடம் மருந்தின் பெயரைக் கூறிவிட்டால் ஐயத்திற்கே இடமில்லை.

ஊசியைக் காத்தலும் டாக்டரை அணுகுதலும்

இவ்வூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் இருக்க வேண்டும். உறைந்தால் கெட்டுவிடும், ஆதலின் குளிர்ப்பெட்டியின் பனிக்கட்டி அறையில் வைக்கலாகாது. 25 டிகிரிக்கு மேற்படாத வெளி வெப்பத்தில் 14 நாட்கள்வரை கெடாது. ஆனால் அக்கினி நட்சத்திர காலத்து விழுப்புரத்தில் நிழலிலும் வெப்பம் 25 டிகிரிக்கு மிக உயர்ந்தே நிற்கும் என்பதை நாம் அறிவோம். சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ திண்டிவனத்திற்கு மருந்தைக் கொண்டு வருபவர்கள், பனிக்கட்டி நேரே மருந்தில் படாதவாறு துணியைச் சுற்றி, மூடிய பெட்டியில் கொண்டுவர வேண்டும். வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லாதவர் அருகிலுள்ள மருந்துக் கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முன்னதாகவே கேட்டு ஏற்பாடு செய்து கொள்வது நன்று.

2020 இல் பஸ்கள் நின்றன. ஜில்லா விட்டு ஜில்லா செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. அது செப்டம்பர் மாதம் முதலே நீங்கிற்று. அக்காலத்தில் உதவியாக வந்தது தொலைபேசி வழியான வைத்தியம். அதற்குரிய விதிகளை மத்திய சர்க்கார் மார்ச்சு 25 ஆம் தேதி வெளியிட்டது. ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரைக் காணும் இ-சஞ்சீவனி வசதியும் தொடங்கப்பட்டது. கரப்பான் கண்ணுக்குப் புலப்படும் நோயாதலால், பகல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படமே டாக்டருக்குப் பாதி விவரத்தைக் கூறிவிடும். எனினும் சைக்ளோஸ்போரின் உண்பவர்க்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகமும், மீத்தோட்ரெக்சேட் உண்பவர்க்கு இரத்தமும் ஈரலும் காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனை படத்தால் ஆவதன்று. நம் பகுதியினர்க்கு, விக்கிரவாண்டிக்கு அப்பால் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள முண்டியம்பாக்கம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊசி மருந்தின் செலவிற்கு உதவி உண்டா என்பதையும் அங்கேயே விசாரித்தறியலாம்.

கையும் முகமும்

கை கழுவுதல் தொற்றைத் தடுக்கும் நல்வழி. ஆனால் அடிக்கடி சோப்பு பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை நீங்கிக் கரப்பான் மிகும். கழுவாமல் விடுவது இதற்குப் பரிகாரம் அன்று. காரமற்ற சோப்பால் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் முற்றும் உலருமுன் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக் கொள்ள வேண்டும். கடையில் தாமே கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளில் ஸ்டிராய்டு கலந்திருப்பதுண்டு. படைக்கு அதனைப் பூசினால் அரிப்பு தணிந்தாற்போல் தோன்றிப் படை மேலும் பரவும்.

மனிதர் மேல் கிருமிநாசினி தெளிப்பதும் தவறு. 2020 ஏப்ரலில் திருப்பூர் மார்க்கெட்டில் அதற்கெனச் சுரங்கம் போன்ற ஒரு வழி அமைக்கப்பட்டது. அதே மாதம் 18 ஆம் தேதி, ஆட்கள் மேல் இவ்வாறு தெளிக்கலாகாது என மத்திய சர்க்கார் அறிவித்தது. நலமுள்ள தோலுக்கே ஊறு செய்யும் அம்மருந்து, கரப்பான் தோலை எரித்துவிடும்.

முகக்கவசத்திற்கு மெல்லிய பருத்தித் துணியே உகந்தது. கஞ்சியும் சாயமும் போகும்படி இருமுறை அலசிய பின்னரே அணிய வேண்டும். வியர்வையில் நனைந்ததை மாற்ற வேண்டும். சாயம், காஸ்டிக் சோடா, ஹைட்ரோ முதலியவற்றைக் கையாளுவோர் உள்ளே பருத்தி உறையும் வெளியே ரப்பர் உறையும் அணிவது எக்காலத்திற்கும் நன்மை தரும்.

சங்கங்கள் செய்யக் கூடியது

பெருந்தொற்றுக் காலத்தில் தனி மனிதனால் ஆகாதது சங்கத்தால் ஆகும். கடும் நோய்க்குத் தொடர்ந்து மருந்து உண்ணும் அங்கத்தினர்கள் யார் என்பதை, அவர்கள் சம்மதம் பெற்று, காரியதரிசி குறித்து வைக்கலாம். போக்குவரத்து நின்ற நாளில் மருந்து வாங்க ஒரே ஆள் பலர்க்காகச் சென்று வரலாம். தொலைபேசியில் டாக்டரோடு பேச அறியாத முதியோர்க்குச் சங்கத்தின் இளைஞர் ஒருவர் துணை நிற்கலாம். இவற்றிற்குப் பெருஞ் செலவு ஏதும் இல்லை.

அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டுவது இதுவே. தொற்று இல்லாத வரையில் மருந்தைத் தொடருக. தொற்று கண்டால் டாக்டரைக் கேட்டு ஒத்திவைக்க வேண்டியதை ஒத்திவைக்குக. எதையும் அச்சத்தினால் தாமாக நிறுத்தற்க. உண்ணும் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் இன்றே வைத்துவிடுங்கள். நோய் வந்த பின் அதனைத் தேடுவது இயலாத காரியம்.